காற்றுக்கு விட்ட இடைவெளி

போன ஆனி மாதம் ஒரு மத்தியானம், மண்ணெண்ணெய் வரிசையில் நின்று சலித்துப்போய் டின்னோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு முனையில் ஒரு சைக்கிள் கடை. வாசலில் நட்ட இரும்புக் கம்பியில் இரண்டு வளையம் போட்டு, 'இங்கே பஞ்சர் ஒட்டப்படும்' என்று எழுதிய தகரப் பலகையை மாட்டியிருப்பார்கள். அன்று காலை வைக்கோல் லாரி ஒன்று உரசிவிட்டுப் போனதில் பலகையின் ஒரு ஓரம் தெருப்பக்கம் மடங்கிவிட்டது. நிமிர்த்தப் போன கடைக்காரர் ஆத்திரத்தில் மறு ஓரத்தைக் கடைப்பக்கம் மடக்கிவைத்துவிட்டார். மேலேயிருந்து பார்த்தால் இங்கிலீஷ் எழுத்து 'எஸ்' போல இருக்கும். அந்தப் பலகை சுற்றிக்கொண்டிருந்தது.

காற்றில் பலகை ஆடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இது ஆடவில்லை, சுற்றியது. அதுவும் ஒரே பக்கமாக. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் காற்றுக்குத் திசையே கிடையாது. கோயில் மதிலில் மோதும், வளையும், குளத்துப் பக்கம் போய்த் திரும்பி வரும். காலையில் தெருவில் தறிக்கான நெட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டுகிறவர்கள் நூல் சிக்கிக்கொள்கிறதே என்று அதைத் திட்டாத நாளில்லை. டின்னைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். புழுதி கிழக்கேயிருந்து வந்தது, பலகை சுற்றியது. கொஞ்ச நேரத்தில் மேற்கேயிருந்து வந்தது. அப்போதும் அதே பக்கமாகவே சுற்றியது. காற்று எங்கிருந்து வந்தாலும் குழிந்த பக்கம் அதைப் பிடித்துக்கொள்கிறது, புடைத்த பக்கம் வழுக்கி விடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, டியூப் வேணுமா?"

வேண்டாம் என்றேன். எனக்கு அந்த நேரத்தில் அத்தையின் கிணறு தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே சாயப் பட்டறை வைத்திருக்கிறாள். மாமா போன பிறகு தனியாக நடத்துகிறாள். பதப்படுத்தாத பச்சைப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்துப் பசையைப் போக்கி, சாயம் தோய்த்து, பிறகு அலச வேண்டும். அலசுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அரக்குச் சிவப்பு என்றால் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் மாற்றி, கடைசித் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரியே தெளிந்து நிற்கும் வரை அலச வேண்டும். பாதியில் விட்டால் அன்றைக்குத் தெரியாது. சேலையாகி யாரோ ஒருத்தி கட்டி, வேர்த்து, சேலையின் சந்தன நிற உடலில் கரைச் சிவப்புக் கசிந்த பிறகு தெரியும்.

சித்திரையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து அத்தையின் வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. கட்டுப்போட்டுச் சரியானாலும் கயிற்றை இழுக்கிற வேலை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மோட்டார் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பகலெல்லாம் கரண்ட் இருப்பதில்லை. எப்போது வரும் என்று தெரியாது, எப்போது போகும் என்றும் தெரியாது. அடுப்பிலிருந்து எடுத்த நூல் அதுவரை காத்திருக்காது. ஆள் வைத்துப் பார்த்தாள். வந்தவர் தறி வேலை கிடைத்ததும் போய்விட்டார். இடது கையால் அவளே இழுத்தாள். தண்ணீர் குறைந்தது, அலசல் குறைந்தது. வைகாசியில் தோய்த்துக் கொடுத்த நூல் கசிந்துவிட்டது.

நூல் கொடுக்கிற பட்டு முதலாளி நல்ல மனிதர்தான். சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் நூலைப் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டறைக்கே கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். அத்தைக்கு இருப்பது அந்த ஒரு முதலாளிதான்.  அவர் போன பிறகு அவள் அடுப்புச் சாம்பலை இரண்டு நாளாக அள்ளாமல் விட்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவள் நான். வீட்டில் எந்த வேலையைக் கொடுத்தாலும் பாதியில் விட்டுவிட்டு வேறொன்றுக்கு ஓடுகிறேன் என்று என் பேரில் புகார் உண்டு. இந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

காற்றாலை என்றதும் எல்லாரும் நினைப்பது உயரமான கம்பத்தில் பெரிய விசிறி மாட்டி, பின்னால் வால் வைத்த படத்தைத்தான். என் பாடப் புத்தகத்திலும் அந்தப் படம்தான் இருந்தது. அது ஒரே திசையில் காற்றடிக்கும் பொட்டல் வெளிக்கு ஆனது. எங்கள் தெருவில் நட்டால் கருட சேவைக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே நிற்கும், வேலை செய்யாது. நெட்டுக்குத்தாக நிற்கும் அச்சில் சுற்றுவதற்கு அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. அச்சு நேராகத் தரைக்கு இறங்கி வருவதால் பம்பு, கம்பி எல்லாம் கீழேயே இருக்கும். எண்ணெய் போட யாரும் மேலே ஏற வேண்டாம். வேகமாகச் சுற்றாது, உண்மைதான். காற்றின் வேகத்தைத் தாண்டிப் பெரிதாக ஓடாது. தண்ணீர் இறைக்க வேகம் எதற்கு? இழுப்பு இருந்தால் போதும்.

இதையெல்லாம் அண்ணனிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அண்ணன் தறி நெய்கிறவன். ஊடை நூலோடு குறுக்கே ஓடும் நாடாக்கள் மூன்றை ஓட்டிக் கரை வைத்து நெய்வதில் எங்கள் தெருவில் அவன் கைக்குப் பேர் உண்டு. நாடாவை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, பஞ்சர் கடைப் பலகையைப் பார்த்துப் பம்பு கட்டப் போகிறாயா, அப்படியானால் இட்லிக் குண்டானைப் பார்த்து ரயில் கட்டேன் என்றான். ஆனால் சாயங்காலம் அவனே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, டிரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

தகரப் பட்டறை பாயிடம் போனோம். எண்ணெய் டிரம்மை நெடுக்காக அறுத்துத் தொட்டி செய்து கொடுப்பவர் அவர். மகளே என்பதற்குப் 'பேட்டி' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். ஓட்டையில்லாத டிரம்மாகப் பொறுக்கி, நட்ட நடுவில் நெடுக்காக இரண்டாக அறுத்துக் கொடுங்கள் என்றேன். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். காற்றில் சுற்றவிடப்போகிறோம் என்றேன்.

"ஏன் பேட்டி, நல்ல டிரம்மை அறுத்துக் காத்துல விடறதுக்கு, என் சம்பாத்தியத்தை விடக்கூடாதா? அதுவும் அப்படித்தானே போவுது" என்றார். அறுக்கிறபோது மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக அறுத்தார்.

கிணற்றைச் சுற்றி நான்கு சவுக்குக் கட்டைகளை நட்டு, ஓட்டுக் கூரைக்கு மேலே வருகிற உயரத்தில் சட்டம் கட்டினோம். நடுவில் நிற்கும் இரும்புக் குழாய்தான் அச்சு. அடியில் லாரியிலிருந்து கழற்றிய பழைய பேரிங், மேலே சைக்கிள் சக்கரத்தின் நடுக்குடம். அரை டிரம் இரண்டையும் எதிரெதிராகத் திருப்பி 'எஸ்' வடிவில் வைத்து, மேலும் கீழும் பலகைச் சட்டத்தில் முடுக்கினோம். நடுவில் இரண்டு டிரம்மின் ஓரமும் குழாயில் வந்து சேருகிற இடம் இருக்கிறதே, அதை இணைக்கிற வேலையை அண்ணன் தானே செய்வதாகச் சொன்னான்.

இங்கேதான் நாங்கள் கெட்டோம். வேறு ஊர்க்காரர்கள் என்றால் கெட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நூலோடு நூலைக் கோத்து ஒரே துணியாக்குவதற்குக் கோர்வை என்று பேர். கோர்வையில் ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் சேலை திரும்பி வந்துவிடும், நெய்தவன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அப்படிப்பட்ட கையால் அண்ணன் அந்த டிரம் ஓரங்களை இணைத்தான். நெருக்கமாகத் துளை போட்டு, ஆணி அறைந்து, மேலே தார் பூசி, உள்ளே விளக்கை வைத்து வெளியே வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தான். கசியவில்லை. அவன் சட்டையெல்லாம் தார். நானும் பெருமையோடு தடவித் தடவிப் பார்த்தேன். இணைப்பு இப்படி இருந்தால் காற்று ஒரு துளி வீணாகாது என்று நினைத்தேன். பிசிக்ஸ் படித்தவள் அப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். நான் பிசிக்ஸ் படித்தது மூன்று வருஷம், கோர்வையைப் பார்த்தது பிறந்ததிலிருந்து.

ஏற்றி நிறுத்தினோம். நல்ல காற்று வந்தபோது சாப்பாட்டுக்குப் பிறகு உலாத்துகிறவர் மாதிரி சுற்றியது. அச்சின் அடியில் சைக்கிள் பெடல் கட்டையைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு கம்பி வழியாக, இதற்கென்றே கிணற்றில் இறக்கியிருந்த அடிபம்பின் கைப்பிடிக்கு இணைப்புக் கொடுத்தவுடன் நின்றுவிட்டது. கையால் தள்ளிவிட்டால் அரைச் சுற்றுப் போய் மறுபடி நின்றது. அத்தை பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இது தண்ணி எறைக்குமா, இல்ல நாமதான் இதுக்குத் தண்ணி எறைச்சுக் குடுக்கணுமா?"

தெருவே வந்து பார்த்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் நெசவுக்காரர்கள் என்பதால் எல்லாரும் அந்த இணைப்பைத்தான் முதலில் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் விரலால் தடவிவிட்டு, "கோர்வை பிரமாதம்பா. காத்துக்குத்தான் அது தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் காத்தாடி என்று பேர் வைத்தார்கள். அண்ணன் தாங்கிக்கொண்டான், எனக்குத்தான் ராத்திரிச் சோறு இறங்கவில்லை. முதலாளி ஆடி முடிவதற்குள் அடுத்த நூலை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதுவும் அரக்கு.

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம் ஒரு காற்று அடித்தது. கூரை ஓடு சறுக்குகிற மாதிரி காற்று. படபடவென்று ஏதோ தெறிக்கிற சத்தம் கேட்டு நானும் அண்ணனும் கிணற்றடிக்கு ஓடினோம். நடு இணைப்பில் ஆணிகள் பிய்ந்து, தார் கிழிந்து, இரண்டு டிரம்மின் உள் ஓரமும் குழாயை விட்டு விலகிவிட்டிருந்தன. வெளிப்பக்கம் பலகைச் சட்டத்தில் முடுக்கியிருந்ததால் கீழே விழவில்லை. நடுவில் நாலு விரல் நுழைகிற அளவு வாய் திறந்து நின்றது.

அண்ணன் ஏணியைத் தூக்கினான். "கோர்வை விட்டுப்போச்சு. நிறுத்து, நிறுத்து. கயிறு போட்டு இறுக்கிடலாம்."

"தொடாதண்ணா."

"இன்னாத்துக்கு? வாயப் பொளந்துக்கினு நிக்குது."

"சுத்துது பாரு."

பார்த்தான். காற்று அதற்குள் தணிந்துவிட்டிருந்தது. அதற்கு முன்பெல்லாம் இந்த அளவுக் காற்றில் அது அசைந்ததே இல்லை. இப்போது கிழிந்த வாயோடு சுற்றிக்கொண்டிருந்தது. பெடல் கட்டை போய் வந்தது. அடிபம்பின் மூக்கில் தண்ணீர் எச்சில் மாதிரி வழிந்தது, நின்றது, மறுபடி வழிந்தது. அண்ணன் ஏணியை மெல்லக் கீழே வைத்தான்.

 ஏன் என்று புரிவதற்கு முன்னாலேயே இதுதான் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் ஏன் என்பதும் புரிந்தது. குழிந்த டிரம்முக்குள் புகுந்த காற்று, நடுவில் அடைத்துவிட்டால் அங்கேயே முட்டிக்கொண்டு, ஓரத்தில் வழிந்து போய்விடுகிறது. நடுவில் வழி விட்டால் அதே காற்று வளைந்து எதிர் டிரம்மின் உள்பக்கம் போய் அதையும் பின்னாலிருந்து தள்ளுகிறது. காற்றை எதிர்த்து வருகிற டிரம்முக்கு அது கைகொடுக்கிற மாதிரி. ஒரே காற்றுக்கு இரண்டு வேலை.

இதை அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கரிக்கட்டியால் தரையில் படம் போட்டால் அவன் பார்க்கமாட்டான். கடைசியில் தறியில் உட்கார்ந்திருந்தவனிடமே போனேன்.

"கரை நூலை உடம்பு நூலுக்குள்ள விடாம நீ கோர்வை போட்டுடுவியா?"

"எப்படிப் போடறது? உள்ள போய் வளைஞ்சு வந்தாத்தானே கோர்வை."

"காத்தும் அப்படித்தான். இந்தக் கிண்ணத்துல வந்தது அந்தக் கிண்ணத்துக்குள்ள போய் வளையணும். நாம வழியை அடைச்சுட்டோம்."

நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு, "அப்ப நான் போட்டது கோர்வை இல்ல. சுவரு" என்றான்.

வாய் எவ்வளவு திறந்தால் நல்லது? நாலு விரலுக்கு மேலே திறந்தால் இன்னும் நன்றாகச் சுற்றுமா? ஒவ்வொரு தடவையும் டிரம்மைக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆடியே போய்விடும். சட்டைப் பெட்டி அட்டையைச் சுருட்டிச் சின்னச் சின்ன உருவங்கள் செய்தேன். அச்சுக்கு சைக்கிள் கம்பி. மொட்டை மாடி மூலையில், எல்லாவற்றுக்கும் ஒரே காற்று கிடைக்கிற மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன்.

சுற்றுகிற வேகத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். சும்மா சுற்றும்போது எல்லாமே அழகாகத்தான் சுற்றும். வேலை கொடுத்தால்தான் யோக்கியதை தெரியும். நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிவைக்கிற தார்க்குச்சியை ஒவ்வொரு அச்சின் அடியிலும் செருகினேன். அதில் பட்டு நூலைக் கட்டி, மறு முனையை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே கொண்டுபோய், வெளியே ஒரு பித்தளைப் படிக்கல்லைத் தொங்கவிட்டேன். எது கல்லை மேலே இழுக்கிறதோ அது கெட்டி. நூல் எவ்வளவு சுற்றியது என்று பார்த்தால் செய்த வேலை தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் நூலுக்குப் பஞ்சமா?

அடைத்தது அசையவே இல்லை. கொஞ்சமாகத் திறந்தது நன்றாக இழுத்தது. நிறையத் திறந்தது மறுபடி சோர்ந்துவிட்டது, அதில் காற்று தள்ளாமலே நடுவால் நழுவி ஓடிவிடுகிறது. கிண்ணத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது கொஞ்சம் குறைவு. அந்த அளவுதான் ஜெயித்தது. நடுவில் அச்சு போனால் அதுவே காற்றுக்கு முட்டுக்கட்டை என்பதும் தெரிந்தது. அதனால் அச்சை நடுவில் வெட்டி எடுத்துவிட்டு, மேலும் கீழும் மட்டும் பிடிப்புக் கொடுத்தேன். மேலும் கீழும் வட்டமாக அட்டை மூடி ஒட்டிப் பார்த்தேன். இழுப்பு அப்படியே கூடியது. மூடி இல்லாதபோது கிண்ணத்தில் விழுந்த காற்று மேலேயும் கீழேயும் பொங்கி வழிந்து போகிறது.

மூன்று கிண்ணம் வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று அண்ணன் கேட்டான். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். செய்து பார்த்தேன். மூன்று கிண்ணம் சட்டென்று கிளம்பும், ஆனால் ஒன்றின் காற்றை ஒன்று மறைத்துக்கொண்டு மந்தமாக ஓடும். இரண்டுதான் இழுக்கும். இரண்டில் ஒரு குறை உண்டு. ஓரம் காற்றுக்கு நேராக நின்றுவிட்டால் கிளம்பாமல் முரண்டு பிடிக்கும். அதற்கு இரண்டு கிண்ணத்தை ஒரு அடுக்காக்கி, அதன் தலையில் இன்னொரு அடுக்கைக் குறுக்காகத் திருப்பி வைத்தேன். கீழடுக்கு தூங்கும்போது மேலடுக்கு விழித்திருக்கும். படிக்கல் ஏறியது. இறங்கவே இல்லை.

பாயிடம் மறுபடி போனோம். இன்னொரு டிரம், மூன்று வட்ட மூடி. இந்தத் தடவை அவர் வேலையை நிறுத்திவிட்டு அட்டை உருவத்தை வாங்கி ஊதிப் பார்த்தார். ஊதினார், திருப்பி ஊதினார், முதுகுப் பக்கமாக ஊதினார். எந்தப் பக்கம் ஊதினாலும் அது ஒரே பக்கமாகச் சுற்றியது.

"இதுக்கு மட்டும் எப்படி பேட்டி ஒரே கொள்கை?" என்று கேட்டார்.

பம்பு விஷயத்தில் ஒரு தவறு மிச்சமிருந்தது. பெடல் கட்டையின் முழு நீளத்துக்கும் கம்பியை மாட்டியிருந்தோம். ஒரு இழுப்புக்கு நிறையத் தண்ணீர் வரும். ஆனால் ஒவ்வொரு இழுப்பும் கனம், இளங்காற்றில் அந்தக் கனத்தில்தான் சிக்கி நின்றுவிடுகிறது. அச்சுக்கு நெருக்கமாக வேறொரு துளை போட்டுக் கம்பியை அங்கே மாட்டினேன். ஒரு இழுப்புக்குச் சொம்புத் தண்ணீர்தான் வந்தது. அத்தை முகம் சுளித்தாள். பாதித் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றாள். பாதி இல்லை அத்தை, நிற்காமல் வரும் என்றேன். அன்று பகல் முழுக்க அது நிற்கவில்லை. அவள் சமையல் முடித்துவிட்டு வந்து பார்த்தபோது தொட்டி வழிந்து கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு, பக்கத்துக் காலித் தொட்டிக்கு வாழைமட்டையால் வழி வெட்டினாள்.

மறு வாரம் நூல் வந்தது. அடுப்பு மூட்டிய நேரத்தில் கரண்ட் இல்லை. யாரும் கரண்டைப் பற்றிப் பேசவும் இல்லை. அத்தை அரக்கைத் தோய்த்து எடுத்து, முதல் தொட்டியில் அலசினாள். இரத்தம் மாதிரி ஓடியது. திறந்துவிட்டு இரண்டாம் தொட்டி. பிறகு மறுபடி முதல் தொட்டி, அதற்குள் அது நிரம்பியிருந்தது. ரோஜா நிறம், பிறகு வெளிர் நிறம், பிறகு நிறமே இல்லை. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. இன்னொரு தண்ணீர் என்றாள். தண்ணீர் இருந்தது. வேண்டாம் அத்தை, போதும் என்று நான் சொன்னபோது, கேட்டால் கிடைக்கிற தண்ணீரை எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறேன், நீ சும்மா இரு என்றாள்.

முதலாளி தானே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஈர நூலை முறுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். வெள்ளைத் துணி ஏதாவது இருக்கிறதா, அமுக்கிப் பார்க்கலாம் என்றார்.

"உங்க வேட்டியிலேயே அமுக்குங்களேன்" என்றாள் அத்தை.

அவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. நூலை நீட்டியபடியே நின்றாள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, நூலை அதில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். விரித்தார். ஈரம் மட்டும்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தார். அப்போதும் ஈரம் மட்டும்தான்.

யார் தண்ணீர் இறைத்தது என்று கேட்டார். அத்தை கையை நீட்டி மேலே காட்டினாள். கூரைக்கு மேலே நாலு அரை டிரம்மும் தங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. "எங்க பொண்ணும் பையனும் கட்டினது" என்றாள். 'பையனும் பொண்ணும்' என்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் இந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. அண்ணன் அதைக் கேட்டுவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தான். எனக்கு வலிக்கவில்லை.

அதன் பிறகு மாகறல் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கத்தரித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஏணியில் ஏறி நடு இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஆணி விட்டுப்போயிருக்கிறது, சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார். அண்ணன் அவருக்கு அரை மணி நேரம் காற்று போகிற வழியை விளக்கினான். நான் சொன்ன வார்த்தைகளையே சொன்னான், தன்னுடையது போல. கேட்க நன்றாக இருந்தது. பரீட்சை முடிவும் வந்தது, முதல் வகுப்பு. அதைவிட இதைத்தான் எல்லாரிடமும் சொன்னேன்.

இங்கே முடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். அத்தை விடவில்லை. போன வாரம் முதலாளி வந்தபோது, தை முகூர்த்தச் சேலைகளுக்கான நூல் முழுவதையும் தன்னிடமே அனுப்பச் சொல்லிவிட்டாள். அவரும் சரி என்று எழுந்து போய்விட்டார். தையில் கல்யாணம் என்றால் கார்த்திகையிலும் மார்கழியிலும் சாயம் போட வேண்டும். மழை விட்ட பிறகு மார்கழியில் எங்கள் ஊரில் காற்று எங்கே இருக்கிறது?

"மார்கழியில காத்து இருக்காது அத்தை."

"கொஞ்சம்கூடவா இருக்காது?"

"கொஞ்சம் இருக்கும். பாதிதான் இருக்கும்."

"பாதிக் காத்துக்குப் பாதித் தண்ணி வரட்டுமே. ரெண்டு நாள் சேத்து வெச்சு அலசறேன்."

அப்படியில்லை என்று அவளுக்குச் சொன்னேன். காற்று பாதியானால் அதன் பலம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். இது நான் கண்டுபிடித்ததில்லை, கணக்கு. அவள் அதைக் கேட்டுக்கொண்டு, அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, அப்படியானால் எட்டு நாள் சேர்த்து வைக்கத் தொட்டி கட்டச் சொல்லட்டுமா என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அது அவ்வளவு பைத்தியக்காரத்தனமான யோசனை இல்லை. நூல் மொத்தமாக ஒரே நாளில் வரப்போவதில்லை. ராத்திரியும் காற்று கொஞ்சம் இருக்கும், அதுவும் சேரும். கொத்தனார் நேற்று வந்து அளந்துவிட்டுப் போனார்.

தொட்டியை மட்டும் நம்பியிருக்க முடியாது. டிரம் இரும்பு. அதன் கனம் முழுவதும் அடி பேரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது; இளங்காற்றுக்குக் கிடைக்கிற கொஞ்சப் பலமும் அந்தத் தேய்ப்பிலேயே போய்விடும். பெரிதாகவும் வேண்டும், லேசாகவும் வேண்டும். இப்போது இருப்பதைப்போல இரண்டு மடங்கு உயரம், ஒன்றரை மடங்கு அகலம். மூங்கில் பட்டையை அரை வட்டமாக வளைத்து விலா எலும்பு மாதிரி அடுக்கி, அதன் மேல் கித்தான் துணி போர்த்தலாம் என்று இருக்கிறோம். ஒவ்வொரு இழுப்பும் லேசாக, பம்புக் குழாயின் உள்விட்டத்தையும் சின்னதாக்க வேண்டும். அது பாய் வேலை, புது வட்ட மூடிகளுக்கும் அவரிடம் அளவு கொடுத்தாகிவிட்டது.

அண்ணன் துணியை இழுத்துப் பிடித்து முறுக்காகத் தைக்க வேண்டும் என்கிறான். தளர்வாக இருந்தால் காற்றில் உப்பி வளைவு ஆழமாகும், அது நல்லதுதானே என்கிறேன் நான். எதிர்த்து வரும்போதும் உப்பினால் என்ன செய்வாய் என்கிறான்.  மூங்கிலைப் பிளந்து கிணற்றடித் தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறோம். ஒரு அடுக்குக்கு முறுக்கு, ஒரு அடுக்குக்குத் தளர்வு என்று தைத்து, வியாழக்கிழமை இரண்டையும் மாடியில் படிக்கல் கட்டிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தப்போகிறேன்.